துருவ மேகங்களின் பனிப்படிகங்கள்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

சென்ற இதழில் துருவப் பகுதிகளின் வெப்பக் கணக்கைப் பற்றி எழுதியபோது, மேகத்தில் உள்ள நீர் துளியாக இருக்கிறதா, படிகமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிவிடும் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயமே; அந்த ஒரு வரிக்குள் அடங்குகிற விஷயமன்று இது. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம்: 'பனி' என்ற சொல் நம் மொழியில் புல்நுனித் துளிக்கும், காலை மூடுபனிக்கும், வானிலிருந்து உதிரும் வெண்பனிக்கும் பொதுவாக நிற்கிறது. இங்கே நான் பனி என்று எழுதும் இடமெல்லாம் திட நிலையில் உறைந்துவிட்ட நீரையே குறிக்கும். உறையாததை நீர் என்றும் துளி என்றும் மட்டுமே சொல்வேன்.

கேள்வி: நீர் 0 டிகிரியில் உறையும் என்றுதான் பள்ளி நாளிலிருந்து படித்து வருகிறோம். ஆர்க்டிக் மேகங்களில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலும் நீர்த்துளிகள் மிதக்கின்றன என்கிறார்கள். அவை ஏன் உறையவில்லை? உறைவதென்றால் எதனால் உறைகின்றன?

0 டிகிரி என்பது பனிக்கட்டி உருகும் வெப்பநிலை. உருகுவது அந்த இடத்தில் தவறாமல் நடக்கும். உறைவது அப்படி நடப்பதில்லை. நீரின் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவை. பனியாவதென்றால் அவை அறுகோண அடுக்கில் வரிசையாக நின்றாக வேண்டும். குளிர்ந்த துளிக்குள் அப்படிப்பட்ட சிறு சிறு கூட்டங்கள் ஓயாமல் தோன்றுகின்றன. தோன்றிய வேகத்திலேயே கலைந்தும் போகின்றன. காரணம், மிகச் சிறிய கூட்டத்தில் உள்ளே நிற்கும் மூலக்கூறுகளைவிட மேற்பரப்பில் நிற்பவையே அதிகம். மேற்பரப்பை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது, உள்ளே அடுக்கில் அமர்வதால் கிடைக்கும் ஆதாயம் அந்தச் செலவை ஈடுகட்டுவதில்லை. ஏதோ ஒரு கணத்தில் தற்செயலாகக் கூட்டம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. அதற்குமேல் அது வளர்ந்துகொண்டேதான் போகும். வெப்பநிலை குறையக் குறைய அந்த எல்லை அளவும் சிறிதாகிறது. தூய நீரால் ஆன மேகத்துளி ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரி வரை குளிர்ந்த பிறகே, வெளியுதவி எதுவும் இல்லாமல் தானாக உறைகிறது. இடைப்பட்ட நிலையில் இருக்கும் இந்த நீரை மிகைக்குளிர் நீர் என்கிறோம்.

0 டிகிரிக்கும் மைனஸ் 38 டிகிரிக்கும் நடுவே துளி உறைய வேண்டுமானால், மூலக்கூறுகள் வரிசையில் நிற்பதற்கு ஒரு தாங்குதளம் வேண்டும். காற்றில் மிதக்கும் சில திடத் துகள்களின் பரப்பு அந்த வேலையைச் செய்கிறது. அவற்றுக்கு உறைகரு என்று பெயர். எல்லாத் தூசும் உறைகரு ஆகிவிடுவதில்லை என்பதுதான் இதில் முக்கியமானது. கடல் உப்பும் கந்தகச் சேர்மங்களும் நீர்த்துளி உண்டாவதற்கு நன்றாக உதவுகின்றன. ஆனால் அவை கரைந்துவிடுவதால் துளியை உறையவைப்பதில்லை, கரைசல் அடர்த்தியாக இருந்தால் உறைவதைத் தாமதப்படுத்தவும் செய்கின்றன. பாலைவனத் தூசில் உள்ள கனிமங்களுள் பொட்டாசியம் கலந்த பெல்ட்ஸ்பார் என்ற வகையே உறையவைப்பதில் முதன்மையானது என்று 2013-ல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. கனிமங்களைவிடத் திறமையானவை உயிரினங்கள். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் புறப்பரப்பில் உள்ள புரதம் மைனஸ் 2 டிகிரி அளவிலேயே நீரை உறையவைத்துவிடுகிறது. கடல்பரப்பில் குமிழி வெடிக்கும்போது நீரோடு சேர்ந்து தெறிக்கும் உயிர்ப்பொருள் துணுக்குகளும் துருவக் கடல்களில் உறைகருக்களாகின்றன.

இதை ஆய்வகத்தில் பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பார்த்தவர் மறக்க மாட்டார். குளிரூட்டப்படும் ஓர் உலோகத் தட்டின்மேல், கடுகைவிடச் சிறிய அளவில் சில பத்துத் துளிகளை வரிசையாக வைத்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்விக்கிறார்கள். ஒரு வரிசையில் வடிகட்டிய தூய நீர். மறு வரிசையில் ஒரு சிட்டிகை மண் கலக்கிய நீர். 0 டிகிரியைக் கடந்து வெகுநேரம் ஆகியும் எல்லாத் துளிகளும் கண்ணாடி மணிகளைப் போலத் தெளிவாகவே இருக்கும். திடீரென்று மண் கலந்த வரிசையில் ஒரு துளி, கண் இமைக்கும் நேரத்தில், பாலாடை போல வெளுத்துவிடும். பக்கத்துத் துளி அசையாது. ஓரிரு டிகிரி கழித்து இன்னொன்று வெளுக்கும், பிறகு ஒரே சமயத்தில் நாலைந்து. தூய நீர் வரிசை மைனஸ் 20 டிகிரியைத் தாண்டியும் பிடிவாதமாகத் தெளிந்தே நிற்கும். வெளுக்கும் அந்தக் கணத்தில் துளி முழுவதும் உறைந்துவிடுவதில்லை. ஒரு கிராம் நீர் உறைந்தால் 334 ஜூல் வெப்பம் வெளிப்படும். மைனஸ் 20 டிகிரியில் உள்ள துளியில் ஏறத்தாழக் கால்பங்கு உறைந்தவுடனேயே அந்த வெப்பம் துளியை 0 டிகிரிக்குத் தூக்கிவிடுகிறது. மீதி, வெப்பம் வெளியேற வெளியேற, நிதானமாக உறைகிறது.

மேகத்துக்குத் திரும்புவோம். மைனஸ் 20 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றுக்கு ஓர் உறைகரு என்பது தோராயமான அளவு. துருவக் காற்றில் அதைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. அதே ஒரு லிட்டர் மேகக் காற்றில் பல பத்தாயிரம் நீர்த்துளிகள் இருக்கும். அத்தனை துளிகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று உறைகிறது. மேகத்தின் தலைவிதியை அந்த ஒன்றுதான் தீர்மானிக்கிறது. எப்படி என்பதை அடுத்த கேள்வி கேட்கிறது.

கேள்வி: ஒரு துளி உறைந்தால் சுற்றியிருக்கும் துளிகளுக்கு என்ன ஆகும்? பனியும் நீரும் ஒரே மேகத்தில் சேர்ந்து இருக்க முடியுமா?

சேர்ந்து இருக்க முடியும், ஆனால் சமாதானமாக இருக்க முடியாது. பனியில் மூலக்கூறுகள் இறுக்கமாகக் கட்டுண்டிருப்பதால் அதிலிருந்து ஆவியாகித் தப்புபவை குறைவு. நீரிலிருந்து தப்புபவை அதிகம். மைனஸ் 15 டிகிரியில் நீரின்மேல் நிறைவுற்ற ஆவியழுத்தம் ஏறத்தாழ 1.91 ஹெக்டோபாஸ்கல், பனியின்மேல் 1.65. எனவே துளிகளுக்குப் போதுமான அளவே ஈரமுள்ள காற்று, அங்கே தோன்றும் பனிப்படிகத்துக்கு 16 விழுக்காடு மிகைஈரமாகிவிடுகிறது. காற்றிலுள்ள ஆவியைப் படிகம் இழுத்துக்கொள்கிறது. ஆவி குறைந்ததும் துளிகள் ஆவியாகி அந்தக் குறையை நிரப்புகின்றன. அதையும் படிகமே எடுத்துக்கொள்கிறது. துளியும் படிகமும் ஒன்றையொன்று தொடாமலேயே நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடுகிறது.

இதை முதலில் எடுத்துச் சொன்னவர், கண்டப் பெயர்ச்சிக் கொள்கைக்காக இன்று நினைக்கப்படும் ஆல்ஃபிரட் வெகனர். 1911-ல் வந்த தம் வளிமண்டல நூலில் எழுதினார். மழை உண்டாவதற்கு இதுவே வழி என்று விரித்துக் காட்டியவர் ஸ்வீடன் நாட்டு வானிலையாளர் டோர் பெர்கெரோன். 1922-ன் குளிர்காலத்தில் அவர் ஓஸ்லோ அருகில் ஒரு குன்றின் ஊசியிலைக் காட்டுப் பாதையில் நடந்தபோது ஒன்றைக் கவனித்தார். குளிர் 0 டிகிரிக்கு நன்றாகக் கீழே இருந்த நாட்களில் மூடுபனி, அதாவது தரையை ஒட்டிய நீர்த்துளி மேகம், மரங்களின் உச்சியோடு நின்றுவிட்டது, பாதை தெளிவாக இருந்தது. 0 டிகிரிக்கு மேல் இருந்த நாட்களிலோ அது தரைவரை இறங்கி நிறைந்திருந்தது. குளிர்ந்த நாளில் கிளைகளெல்லாம் உறைபனி படிந்து வெளுத்திருந்தன. கிளைகளின் பனியே காற்றின் ஆவியை உறிஞ்சி, மூடுபனியின் துளிகளைக் காலி செய்துவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார். 1938-ல் ஜெர்மன் வானிலையாளர் வால்டர் பிண்டைசன் இதை மேலும் வளர்த்ததால் மூவர் பெயராலும் இந்தச் செயல்முறை வழங்குகிறது.

இப்படி ஆவியை உண்டு வளரும் படிகம் எந்த வடிவம் பெறும் என்பதை வெப்பநிலையும் ஈரமும் முடிவு செய்கின்றன. மைனஸ் 2 டிகிரி அருகில் மெல்லிய அறுகோணத் தகடு. மைனஸ் 5 அருகில் ஊசியும் தூணும். மைனஸ் 15 அருகில் ஆறு கிளை விரித்த நட்சத்திரம். அதைவிடக் குளிர்ந்தால் தகடுகளும் தூண்களும் பல தூண்கள் ஒட்டிய கொத்துகளும். இந்த வரைபடத்தை உருவாக்கியவர் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உகிசிரோ நகாயா. 1936-ல் அவர் ஆய்வகத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தது ஒரு முயல்முடியின் நுனியில்.

படிகங்கள் பெருகுவதற்கு உறைகரு ஒன்றே வழி என்று எண்ணிவிடக் கூடாது. விழுந்துகொண்டிருக்கும் படிகத்தின்மேல் மிகைக்குளிர் துளிகள் மோதி ஒட்டி உறையும்போது சின்னஞ்சிறு சில்லுகள் தெறிக்கின்றன. ஒவ்வொரு சில்லும் ஒரு புதுப் படிகம். மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி வரையில்தான் இது மும்முரமாக நடக்கிறது என்றும், மைனஸ் 5 டிகிரியில் ஒட்டிய ஒவ்வொரு மில்லிகிராம் நீருக்கும் ஏறத்தாழ 350 சில்லுகள் கிடைக்கின்றன என்றும் 1974-ல் ஹாலெட், மாசப் என்ற இருவர் அளந்து சொன்னார்கள். உறைகருக்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு படிகங்கள் சில மேகங்களில் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இவ்வளவுக்கும் பிறகு ஆர்க்டிக்கின் தாழ்ந்த மேகங்களில் நீர் எஞ்சியிருக்கவே கூடாது. ஆனால் அவை நாள்கணக்கில் நிலைத்து நிற்கின்றன: மேலே மெல்லிய நீர்த்துளி அடுக்கு, அதன் அடியிலிருந்து இடைவிடாமல் உதிரும் படிகங்கள். விளக்கம் மேகத்தின் உச்சியில் இருக்கிறது. துளி அடுக்கு தன் வெப்பத்தை விண்வெளிக்கு வீசி விரைவாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்க, கீழிருந்த காற்று மேலேறுகிறது. ஏறும் காற்றில் புதுத் துளிகள் பிறக்கின்றன. மேகத்துக்கு மேலே உள்ள காற்று பல நேரங்களில் கீழே உள்ளதைவிட ஈரமானது என்பது துருவத்துக்கே உரிய நிலை. அங்கிருந்தும் ஈரம் உள்ளே வருகிறது. வளர்ந்த படிகங்களோ தம் உறைகருவையும் சுமந்துகொண்டு கீழே விழுந்துவிடுவதால் மேகத்தில் உறைகரு குறைந்துபோகிறது. உறைகரு மலிந்த காற்று வந்து சேர்ந்தால் இந்தச் சமநிலை உடையும். சில மணி நேரத்தில் மேகம் முழுக்கப் படிகமாகி, உதிர்ந்து, வானம் தெளிந்துவிடலாம்.

கேள்வி: மேகத்தில் இருப்பது நீர்தானே, துளியாக இருந்தால் என்ன, படிகமாக இருந்தால் என்ன? நிலத்துக்கு வரும் கதிர்வீச்சு அதனால் எவ்வளவு மாறும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி. துருவ மேகங்களில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே பெரிது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

துருவக் குளிர்காலத்தில் சூரியன் இல்லை. மைனஸ் 30 டிகிரியில் இருக்கும் பனிப்பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஏறத்தாழ 198 வாட் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியிடுகிறது. மேலே மேகம் இல்லையென்றால் வறண்ட காற்று அதில் ஒரு பகுதியையே திருப்பித் தரும். மீதி விண்வெளிக்குப் போய்விடும். 1997 அக்டோபர் முதல் ஓராண்டு காலம், ஆர்க்டிக்கின் பியூஃபோர்ட் கடலின் பனியில் உறைந்து நகர்ந்த கனடிய பனியுடைப்புக் கப்பலைச் சுற்றி ஷீபா என்ற ஆய்வு நடந்தது. அங்கே குளிர்காலத்தில் எடுத்த அளவுகள் வியப்பான ஒன்றைக் காட்டின. பனிப்பரப்பின் நிகர நெட்டலை இழப்பு (அது வெளியிட்ட அகச்சிவப்பு வெப்பத்திலிருந்து மேலிருந்து வந்ததைக் கழித்த மீதி) சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 வாட் என்ற நிலையில் இருந்தது, அல்லது 0-க்கு அருகில் இருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை அரிதாகவே அமைந்தது. முதலாவது தெளிந்த வானமும் மெல்லிய பனிமேகமும் உள்ள நேரம். இரண்டாவது, நீர்த்துளி உள்ள தாழ்ந்த மேகம் கவிந்த நேரம். துருவத்தில் தரையைவிட மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருப்பது வழக்கம். மைனஸ் 20 டிகிரியில் உள்ள மேகம், ஒளி ஊடுருவாத அளவுக்கு அடர்ந்திருந்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 233 வாட் வீசும். தரை இழப்பதைவிட அதிகமாகவே அதற்குக் கிடைக்கும்.

அப்படி அடர்ந்திருக்க எவ்வளவு நீர் வேண்டும்? சதுர மீட்டருக்கு 30 முதல் 50 கிராம் போதும். அதைத் தரையில் பரப்பினால் ஒரு தலைமுடியின் பருமன்கூட வராத படலம். அது பல கோடித் துளிகளாகச் சிதறி நிற்கும்போது அகச்சிவப்புக் கதிருக்கு ஏறத்தாழ முழுத் தடையாகிறது.

இப்போது அதே நீரைப் படிகமாக்கிப் பாருங்கள். துளியின் ஆரம் 10 மைக்ரோமீட்டர் என்றும், படிகத்தை ஒரு கோளமாகவே எண்ணி அதன் ஆரம் 100 மைக்ரோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு படிகத்தில் ஆயிரம் துளிகளின் நீர் அடங்கிவிடுகிறது. ஆனால் கதிருக்குக் குறுக்கே நிற்கும் பரப்பு, ஒரு துளியைப் போல நூறு மடங்குதான். ஆயிரம் மடங்கு பரப்பு நூறாகச் சுருங்கியது. அதாவது அதே நீர், பத்தில் ஒரு பங்கு மறைப்பு. உண்மைப் படிகம் தட்டையாகவும் கிளைவிட்டும் இருப்பதால் குறைவு இவ்வளவு கடுமையாக இராது, போக்கு இதுதான். இதோடு விழும் வேகத்தையும் சேர்க்க வேண்டும். அந்தத் துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் இறங்குகிறது; ஒரு கிலோமீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேலாகும். வளர்ந்த படிகம் நொடிக்கு அரை மீட்டர் வீதம் இறங்கினால் அரை மணி நேரத்தில் தரையைத் தொட்டுவிடும். படிகமானதால் மேகம் மெலிகிறது, மெலிந்த மேகத்தின் நீரும் கீழே போய்விடுகிறது. தரையின் வெப்பம் தப்புவதற்கு வழி திறக்கிறது.

கோடையில் கணக்கு வேறு. அப்போது சூரிய ஒளியும் சேர்ந்துவிடுகிறது, துளி மேகம் அதை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. கீழே புதுப்பனி இருந்தால் அதுவே 80 விழுக்காட்டுக்கு மேல் ஒளியைத் திருப்பிவிடும். மேகம் புதிதாக மறைக்க அங்கே அதிகம் இல்லை. அதனால்தான் ஆர்க்டிக் பனிப்பரப்பின்மேல் மேகங்கள் ஆண்டின் பெரும்பகுதி தரையைச் சூடாக்கவே செய்கின்றன. குளிர்விப்பது கோடையில் சிறிது காலமே. கீழே பனி மூடாத கருநிறக் கடல்நீர் இருந்தால் இது தலைகீழ். அண்டார்க்டிக்காவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் காற்று உறைகரு மிகக் குறைந்தது. அங்கே மேகங்கள் மிகைக்குளிர் துளிகளாலேயே நிறைந்து வெண்மையாக மின்னுகின்றன. பல காலநிலைக் கணினி மாதிரிகள் அந்தத் துளிகளை அவசரப்பட்டு உறையவைத்துவிட்டதால், கணக்கில் மேகம் மெலிந்து, கடல் உண்மையில் பெறுவதைவிட அதிக வெயிலைப் பெறுவதாகக் காட்டி வந்தன. படிகம் எப்போது தோன்றும் என்ற சிறு விவரத்தில் நேர்ந்த பிழை, ஒரு பெருங்கடலின் வெப்பக் கணக்கையே பிறழவைத்தது.

வெயிலை மறைப்பது, தரையின் வெப்பத்தைத் தடுப்பது என்ற இரண்டு விளைவுகளும் ஒரே மேகத்தில் கூடிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2012 ஜூலையில் கிரீன்லாந்துப் பனிப்பாளத்தின் பரப்பு ஏறத்தாழ முழுவதும், 3,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள உச்சி உட்பட, சில நாட்கள் உருகியது. வெப்பக் காற்று வந்தது முதற்காரணம். அதற்குத் துணைநின்றது தாழ்ந்த, மெல்லிய நீர்த்துளி மேகம்: சூரிய ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது, தரையின் அகச்சிவப்பைத் தடுத்துத் திருப்பும் அளவுக்குத் தடித்தது. கொஞ்சம் தடித்திருந்தால் வெயிலை மறைத்திருக்கும். படிகமாக மாறியிருந்தால் வெப்பத்தைத் தப்பவிட்டிருக்கும். உருகுவதற்கு வேண்டிய அந்த இடைநிலையில் அது அமைந்துவிட்டது.

படிகத்தின் வடிவம் ஒளிக்கு வேறொரு வேறுபாட்டையும் தருகிறது. உருண்டைத் துளி தன்மேல் படும் ஒளியில் மிகப்பெரும் பகுதியை முன்னோக்கியே சிதறவிடுகிறது. முனையும் மூலையும் உள்ள படிகம், அதிலும் பரப்பு சொரசொரப்பாக இருந்தால், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் கூடுதலாகச் சிதறவிடுகிறது. ஆகவே ஒரே மறைப்புள்ள இரு மேகங்களை ஒப்பிட்டால் படிக மேகமே ஒளியைச் சற்று அதிகம் திருப்பும். மேலே சொன்ன அளவுச் சுருக்கத்துக்கு முன்னால் இது சிறிய திருத்தமே என்றாலும், கணக்கிடுபவர்கள் விட்டுவிட முடியாத திருத்தம்.

கேள்வி: பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மேகத்தில் துளியா, படிகமா என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

லைடார் என்ற லேசர் கருவியால். ஒரே தளத்தில் அதிரும்படி முனைவாக்கிய ஒளியை அனுப்பினால், உருண்டையான துளி அந்தத் தளம் மாறாமலேயே திருப்பி அனுப்பும். படிகத்தின் உள்ளே பல முகங்களில் பட்டுத் திரும்பும் ஒளியிலோ அதிர்தளம் திரும்பிவிடும். திரும்பி வந்ததில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதே விடை. 2006-ல் ஏவிய கலிப்சோ செயற்கைக்கோள் 2023 வரை இந்த முறையில் இரு துருவங்களையும் இரவிலும் அளந்தது. 2024 மே மாதத்தில் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய எர்த்கேர், லைடாரையும் மேக ரேடாரையும் ஒரே செயற்கைக்கோளில் சுமக்கிறது. ஓர் எச்சரிக்கை: நீர்த்துளி அடுக்கு கொஞ்சம் தடித்தாலும் லேசர் அதைத் தாண்டாது, அதற்கு அடியில் இருப்பதை ரேடார்தான் சொல்ல வேண்டும்.

அளக்காமல் நெடுநாள் விட்டுவைத்த பகுதி ஒன்றும் இருந்தது. துருவம் குளிர்ந்த இடமாதலால் அது வெளியிடும் வெப்பத்தில் பாதிக்கு மேல், 15 மைக்ரோமீட்டரைவிட நீண்ட அலையாகிய தொலை அகச்சிவப்பில் போகிறது. மற்ற இடங்களில் நீராவி அந்த அலைகளை விழுங்கிவிடும். துருவத்தின் வறண்ட காற்றில் அவை தப்புகின்றன, பனிப்படிகங்களோ அவற்றை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. இதையே முறையாக அளப்பதற்கென நாசாவின் பிரிஃபயர் என்ற சிறு செயற்கைக்கோள்கள் இரண்டு, 2024 மே, ஜூன் மாதங்களில் நியூசிலாந்திலிருந்து ஏவப்பட்டன.

கேள்வி: வானம் தெளிவாக இருக்கும்போதே காற்றில் பனித்துகள்கள் மின்னுவதை அண்டார்க்டிக்கா படங்களில் பார்த்தேன். அதுவும் மேகமா?

அதற்கு வைரத்தூள் என்று பெயர். தரையை ஒட்டிய காற்றிலேயே ஆவி நேரடியாகப் படிகமாகி மெல்ல உதிர்வது அது. மேகத்தின் உடன்பிறப்பு என்று சொல்லலாம். அறுகோணப் படிகத்தின் ஒன்றுவிட்ட முகங்கள் 60 டிகிரிப் பட்டகமாக அமைவதாலும் பனியின் ஒளிவிலகல் எண் 1.31 என்பதாலும், சூரியனிலிருந்து 22 டிகிரி தள்ளி ஒரு ஒளிவட்டம் தெரியும். தட்டையான படிகங்கள் கிடைமட்டமாக மிதந்தால் இரு பக்கமும் பொய்ச்சூரியன்கள் தெரியும். காண்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தும், தரையின் வெப்பக் கணக்கில் இதன் பங்கு சிறிது. நீர்த்துளி மேகத்தோடு ஒப்பிடத்தக்கதன்று.

கேள்வி: துருவம் சூடாகி வருகிறது. படிகங்கள் குறைந்து துளிகள் கூடினால் நல்லதா, கெட்டதா? செயற்கையாக உறைகருக்களைத் தூவி ஆர்க்டிக்கை மீண்டும் குளிர்விக்கலாம் என்றும் ஒரு யோசனை படித்தேன். சாத்தியமா?

1979-லிருந்து ஆர்க்டிக் உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. மேகம் சூடானால் படிகத்தின் இடத்தில் துளி வரும். துளி மேகம் வெயிலை அதிகம் திருப்பும். ஆகவே வெயில் உள்ள இடங்களில் இது வெப்பமாவதை ஓரளவு தடுக்கும். ஆனால் ஏற்கெனவே துளி மிகுந்திருக்கும் மேகத்தில் மாறுவதற்குப் படிகம் அதிகம் இல்லை, தடுப்பும் குறைவு. 2016-ல் வெளிவந்த ஆய்வொன்று, ஒரு கணினி மாதிரியில் துளிகளின் பங்கைச் செயற்கைக்கோள் அளவுக்குப் பொருந்தத் திருத்தியபோது, கரியமில வாயு இரட்டித்தால் உலகம் சூடாகும் அளவு 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு மேல் உயர்ந்தது. அது ஒரு மாதிரியின் எண்தான். இருந்தாலும் படிகக் கணக்கில் உள்ள பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதை அது காட்டியது. சூரியனில்லாத நீண்ட குளிர்காலத்தில் கூடுதல் துளி என்பது கூடுதல் போர்வை மட்டுமே.

உறைகருக்களும் மாறுகின்றன. பின்வாங்கும் பனியாறுகள் விட்டுச்செல்லும் பொடிமண் நல்ல உறைகரு என்று நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் கண்டிருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் உறைந்தே கிடந்து இப்போது உருகும் நிலைத்தபனி நிலத்தின் மண்ணும் அவ்வாறே. மறுபுறம், குளிர்காலத்தின் பின்பகுதியிலும் வசந்தத்திலும் ஆர்க்டிக்கை வந்தடையும் தொழிற்சாலைப் புகையின் கந்தக அமிலம் துகள்களின்மேல் பூசிக்கொண்டு அவற்றின் உறையவைக்கும் திறனைக் குறைக்கக்கூடும். இவை எந்தப் பக்கம் சாயும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவதை நான் விரும்பவில்லை.

தூவும் யோசனை கற்பனையன்று. வெள்ளி அயோடைடு என்ற சேர்மம் துளிகளை உறையவைக்கும் என்று அமெரிக்க அறிவியலாளர் பெர்னார்ட் வானகட் 1946-லேயே கண்டார். துருவ இரவில் துளி மேகங்களைப் படிகமாக்கி உதிரவைத்தால், மேலே சொன்ன 40 வாட் இழப்புக்கு வழி திறக்கும் என்பது அறிவியல் ஏடுகளில் எழுதப்பட்ட கருத்துதான். ஆனாலும் இதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. குளிர்காலத்தில் குளிர்விக்கும் அதே செயல், வெயில் திரும்பிய பிறகு பனி மூடாத கடலின்மேல் நடந்தால் சூடாக்கும். துகள்கள் பருவம் பார்த்து நிற்பவையல்ல. சில்லு தெறித்துப் பெருகும் மேகத்தில் நாம் தூவியதைப் போலப் பல மடங்கு படிகம் வரலாம். ஏற்கெனவே உறைகரு மிகுந்த மேகத்தில் எதுவுமே நடக்காமலும் போகலாம்.

முதலில் தெரிய வேண்டியது, குளிர்கால ஆர்க்டிக் காற்றில் இயற்கையாகவே எத்தனை உறைகருக்கள் இருக்கின்றன என்பது. 2019 முதல் 2020 வரை ஜெர்மன் கப்பல் போலார்ஸ்டெர்ன் பனியோடு உறைந்து நகர்ந்த மோசாய்க் பயணத்தில், ஆண்டு முழுவதும் காற்றை வடிதாள்களில் இழுத்துச் சேகரித்தார்கள். பிறகு அந்தத் தாள்களைக் கழுவிய நீரைச் சிறு சிறு துளிகளாகக் குளிர்தட்டில் வைத்து, எது எந்த டிகிரியில் வெளுக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணினார்கள். உயர்ந்த வெப்பநிலையிலேயே வெளுத்த துளிகள் கோடைக் காற்றுக்கு உரியவை. பெரும்பாலும் உயிரினங்களிலிருந்து வந்த துகள்கள். குளிர்கால வடிதாள்களின் துளிகள், இங்கே முதலில் சொன்ன தூய நீர் வரிசையைப் போலவே, நெடுநேரம் தெளிந்து நின்றன.